நீரேறிய சோடியம் கோபால்டேட்: சோடியம் மாறவில்லை, டிசி மட்டும் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறுவது ஏன்?

உலைமுகம் (கேள்வி)

வணக்கம். சோடியம் கோபால்ட் ஆக்சைடில் இரண்டடுக்கு நீர் ஏற்றிய மீக்கடத்தி (குளிரில் மின்தடை முற்றிலும் மறையும் பொருள்) பற்றிய கேள்வி. டிசி என்பது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை. 2003-இல் ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள நிம்ஸ் என்ற பொருளறிவியல் ஆய்வு நிறுவனத்தில் தகடா குழுவினர் 5 கெல்வினை ஒட்டி மீக்கடத்துவதாக அறிவித்த அதே பொருள்தான். ஒரு கோபால்ட்டுக்குச் சோடியம் 0.35, நீர் 1.3.

செய்முறை வழக்கமானது. சோடியம் 0.7 உள்ள தாய்ப்பொருள் அரை கிராம், அசிட்டோநைட்ரைல் 20 மி.லி., சோடியம் முழுவதையும் வெளியே எடுக்கத் தேவையானதைப்போல் பத்து மடங்கு புரோமின், அறை வெப்பநிலையில் ஐந்து நாள் கலக்கல். பிறகு அசிட்டோநைட்ரைலில் கழுவி, நீரில் கழுவி, மூன்று பகுதியாகப் பிரித்தேன்.

அ: உடனே வடித்து, பொட்டாசியம் குளோரைடு நிறைவுக் கரைசல் வைத்த மூடிய ஜாடியில் வைத்தது. டிசி 4.4 கெல்வின்.
ஆ: வடிக்காமல் மூன்று வாரம் வடிநீரிலேயே கிடந்தது. டிசி 2.9 கெல்வின்.
இ: சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வைத்தது. 1.8 கெல்வின் வரை ஒன்றுமே இல்லை.

ஐசிபி-யில் (தனிமங்களின் அளவைக் காட்டும் நிறமாலைச் சோதனை) சோடியம்–கோபால்ட் விகிதம் மூன்றிலும் 0.33–0.34. எக்ஸ்ஆர்டி-யில் (படிக அடுக்கு இடைவெளியைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை), தாமிரக் கே-ஆல்ஃபா கதிருக்கு, முதல் உச்சி அ, ஆ இரண்டிலும் 9.0 டிகிரி; இ-யில் 12.8 டிகிரி. பிரின்ஸ்டனின் காவா குழு 2003-இல் தந்த குவிமாட வரைபடப்படி (சோடியம் அளவு மாற மாற டிசி குவிமாடம்போல் ஏறி இறங்கும்) சோடியம் 0.30-ஐ ஒட்டி உச்ச டிசி. 1/4-க்குக் கீழும் 1/3-க்கு மேலும் மங்கிவிடும். அப்படியானால் என் அ குவிமாடத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு 4.4 எப்படிக் காட்டுகிறது? சோடியமும் எக்ஸ்ஆர்டி-யும் ஒன்றாக இருக்க, ஆ ஏன் இறங்கியது?


படிகவலை (பதில்)

இ-யை முதலில் முடித்துவிடலாம். 12.8 டிகிரி என்றால் அடுக்கு இடைவெளி 6.9 ஆங்ஸ்ட்ராம், சி-அச்சு (தகடுகளுக்குக் குறுக்காக, இரண்டு இடைவெளி சேர்ந்த படிக அலகின் நீளம்) 13.8. அது ஓரடுக்கு நீருள்ள பொருள், மீக்கடத்தாது. 9.0 டிகிரி என்றால் இடைவெளி 9.8, சி-அச்சு 19.6, இரண்டடுக்கு நீர். நீரே ஏறாததற்கு உச்சி 16 டிகிரிக்கு அருகில் விழும். உலர்த்தியபோது உங்கள் தூள் பாதி நீரை இழந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பொருள் அறைச் சூழலிலேயே நீரை விட்டுவிடும். 35–40 டிகிரி வெக்கையும் உலர்ந்த காற்றும் போதும்.

ஆனால் இ சொல்லும் செய்தி முக்கியமானது. இ-யில் சோடியம் மாறவில்லை, கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண்ணும் ஏறத்தாழ அதேதான். இடைவெளி மட்டும் 9.8-இலிருந்து 6.9-க்கு இறங்க, மீக்கடத்தல் போய்விட்டது. நீர் இங்கே எலக்ட்ரான் கொடுக்கவோ வாங்கவோ இல்லை. கோபால்ட் ஆக்சைடுத் தகடுகளை விலக்கிப் பிடிக்கிறது. அத்துடன், ஓரடுக்கில் நீர்மூலக்கூறுகள் சோடியம் இருக்கும் அதே தளத்தில் உட்காருகின்றன. சோடியம் அயனிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால் எழும் மின்புலம் நேராகத் தகட்டைத் தாக்கும். இரண்டடுக்கில் சோடியத்துக்கு மேலொன்று கீழொன்றாக நீர்த்தளம் வந்து அந்தப் புலத்தை மறைக்கிறது. இரண்டில் எது பெரிய காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. வெளியழுத்தம் கொடுத்துத் தகடுகளை நெருக்கினாலும் டிசி இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீர் 1.3 என்ற எண் வந்த வழியும் அழகானது. ஒரு சோடியத்தைச் சுற்றி நான்கு நீர், மேலே இரண்டு கீழே இரண்டு. சோடியம் 1/3 என்றால் நீர் 4/3.

இனி அ-வும் ஆ-வும். குவிமாட வரைபடத்தின் கிடை அச்சில் சோடியம் இருக்கிறது. அதைக் கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண்ணாகப் படிக்க வேண்டுமானால் சோடியம் மட்டுமே மின்சுமை தருகிறது என்று நம்ப வேண்டும். சோடியம் 0.34 என்றால் கோபால்ட் 4 − 0.34 = 3.66. நிம்ஸ் குழு 2004-இல் டைட்ரேஷன் செய்து பார்த்தபோது கிடைத்தது 3.4-ஐ ஒட்டி. குறையும் 0.24-ஐ ஈடுகட்டுவது ஹைட்ரோனியம் (நீரோடு ஒரு புரோட்டான் சேர்ந்த H₃O⁺ அயனி). அவர்கள் எழுதிய வாய்ப்பாடு: சோடியம் 0.343, ஹைட்ரோனியம் 0.237, கோபால்ட் ஆக்சைடு 1, நீர் 1.19. ராமன் நிறமாலையிலும் ஹைட்ரோனியத்தின் அடையாளத்தைப் பார்த்தார்கள்.

நீருக்குள் போட்டதும் இரண்டு வினைகள் நடக்கலாம். ஒன்று பரிமாற்றம்: சோடியம் வெளியே போக, அதே இடத்துக்கு ஹைட்ரோனியம் வரும். சோடியம் அளவு குறையும், கோபால்ட்டின் எண் மாறாது. மற்றது ஒடுக்கம்: நான்கை நெருங்கிய கோபால்ட் நீரையே ஆக்சிஜனேற்றம் செய்து ஆக்சிஜனாக வெளியேற்றும்; மின்சுமையைச் சமன்செய்ய ஹைட்ரோனியம் உள்ளே போகும். சோடியம் அப்படியே இருக்கும், கோபால்ட்டின் எண் இறங்கும். ஐசிபி முதல் வினையைக் காட்டும். இரண்டாவதைக் காட்டவே காட்டாது. உங்கள் ஆ மூன்று வாரம் நீரில் கிடந்தது இரண்டாவது வினைக்குத் தாராளமான நேரம். ஆகவே, சோடியம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வழியில்லை.


தியோசல்பேட் (பதில்)

படிகவலை சொன்னதைச் சோதிக்க ஒரு மதியம் போதும். அயோடின் டைட்ரேஷன் போடுங்கள்.

பொட்டாசியம் அயோடைடு 1.5 கிராமை 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி.-யில் கரையுங்கள். கரைப்பதற்கு முன்பே அமிலத்தில் நைட்ரஜன் விட்டு அரைமணி நேரம் குமிழவிட்டிருக்க வேண்டும். டைட்ரேஷன் முடியும்வரை நைட்ரஜன் நிற்கக் கூடாது. அமிலத்தில் காற்று பட்டால் அயோடைடு தானாகவே அயோடினாகும், எண் கூடிவிடும். பிறகு 50 மி.கி. தூளைப் போடுங்கள். வரிசை மாறக் கூடாது. வெறும் அமிலத்தில் தூளைப் போட்டால் கோபால்ட் குளோரைடைக் குளோரினாக்கும், அந்த வாயு பறந்துபோகும், எண் குறைந்து வரும். கரைந்ததும் 0.05 மோலார் தியோசல்பேட். வெளிர்மஞ்சள் ஆனபின் ஸ்டார்ச். முடிவில் கரைசல் முழுக்க நிறமற்றுப் போகாது. கோபால்ட்டின் மெல்லிய இளஞ்சிவப்பு மிஞ்சும். அதற்குமேல் ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கணக்கு: செலவான தியோசல்பேட் மோல் = கோபால்ட் மோல் × (ஆக்சிஜனேற்ற எண் − 2). மேலே சொன்ன வாய்ப்பாட்டுக்கு ஒரு கோபால்ட்டுக்கு எடை 124.8, ஆக 50 மி.கி.-யில் 0.401 மில்லிமோல் கோபால்ட். எண் 3.42 என்றால் 11.4 மி.லி. ஆகும். ஹைட்ரோனியம் இல்லாமல் 3.66 ஆக இருந்தால் 13.3 மி.லி. வித்தியாசம் கிட்டத்தட்ட 2 மி.லி.; சாதாரண பியூரெட்டே போதும்.

சறுக்குவது தராசில். எடை போடும்போதே தூள் காய்ந்து ஓரடுக்காகிவிட்டால், அதே 50 மி.கி.-யில் கோபால்ட் கூடுதலாக இருக்கும். நீர் 0.6 என்று வைத்துக்கொண்டால் 0.438 மில்லிமோல், செலவு 12.4 மி.லி. நீங்கள் அதை இரண்டடுக்கு எடையால் வகுப்பீர்கள், எண் 3.55 என்று வரும். பொருள் மாறவே இல்லை, விடை மட்டும் மாறிவிட்டது! எனவே எடையை நம்ப வேண்டாம். டைட்ரேஷன் முடிந்த அதே கரைசலை அளவுக்குடுவையில் ஏற்றி, கோபால்ட்டை ஐசிபி-யில் அளந்து வகுங்கள். கோபால்ட் அளவில் 2 விழுக்காடு பிழை இருந்தால் ஆக்சிஜனேற்ற எண்ணில் 0.03 பிழை வரும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

இன்னொன்று. சோடியம் 0.34 என்ற எண்ணும் சரிதானா? சோடியம் புரோமைடு அசிட்டோநைட்ரைலில் சொற்பமாகவே கரையும். நீர்க்கழுவல் போதவில்லை என்றால் தூளோடு தங்கி ஐசிபி-யில் சோடியத்தைக் கூட்டிக்காட்டும். வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விடுங்கள். வெளிர்மஞ்சள் கலங்கல் வந்தால் இன்னும் புரோமைடு இருக்கிறது. கழுவலை நீட்டினால் படிகவலை சொன்ன வினைகள் ஓடும், குறைத்தால் புரோமைடு தங்கும். 5 மி.லி. வீதம் சில முறை சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, கலங்கல் நின்றதும் நிறுத்துவதே நல்லது.


மூன்றாம்சுற்று (பதில்)

ஹைட்ரோனியத்தை முடிந்த முடிவாக எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. டைட்ரேஷன் கோபால்ட்டின் எண்ணைத்தான் தரும். அது ஏன் இறங்கியது என்று சொல்லாது. தகட்டில் ஆக்சிஜன் காலியிடம் ஒன்று உருவானால் எண் 2 அலகு இறங்கும், ஹைட்ரோனியம் ஒன்று நுழைந்தால் 1 அலகு இறங்கும். 0.24 ஹைட்ரோனியமும் 0.12 காலியிடமும் பியூரெட்டுக்கு ஒன்றுதான். 2005-இல் ஆர்கான் தேசிய ஆய்வகக் குழு, சாம்பிளை அறை வெப்பநிலையில் வைத்திருக்க வைத்திருக்க டிசி ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்குவதைப் பின்தொடர்ந்து, காரணம் ஆக்சிஜன் காலியிடம் என்று வாதிட்டது. எந்தக் காரணத்தை எடுத்தாலும் நடைமுறையில் ஒன்றே: இது வயதாகும் பொருள். கழுவிய நாள், அளந்த நாள், இடையில் இருந்த வெப்பநிலை மூன்றையும் எழுதாத டிசி-க்கு மதிப்பில்லை. பழைய தாள்களில் ஒரே சோடியத்துக்கு ஆளுக்கொரு டிசி வந்ததற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு.

ஆ எந்தப் பக்கம் சரிந்தது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. மில்ன் குழுவின் 2004 வரைபடத்தில் கோபால்ட்டின் எண் 3.24–3.35 வரம்பில் டிசி உச்சம். அதற்குமேல் எண் ஏற ஏற டிசி இறங்குகிறது. நிம்ஸ் சாம்பிள்களோ 3.4-ஐ ஒட்டியே நன்றாக மீக்கடத்தின. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை நேராக ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் அ, ஆ இரண்டையும் ஒரே கையால், ஒரே தியோசல்பேட்டால் அளந்து, எது மேல் எது கீழ் என்று பாருங்கள். சி-அச்சையும் இரண்டாம் தசமம் வரை பொருத்திப் பாருங்கள். 9.0 டிகிரி என்ற ஒற்றை உச்சியை வைத்து எக்ஸ்ஆர்டி ஒன்று என்று சொல்வது போதாது; அவ்வளவு தாழ்ந்த கோணத்தில் சாம்பிள் உயரப் பிழையே உங்கள் வித்தியாசத்தை விழுங்கிவிடும். உள்நியமமாக (உச்சி இடம் தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக) சிலிக்கான் கலந்து, உயர்வரிசை உச்சிகளிலிருந்து சி-யைக் கணக்கிடுங்கள்.

கோபால்ட்-59 என்கியூஆர் (அணுக்கரு நான்முனை ஒத்ததிர்வு) வசதி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்த அணுக்கருவின் தற்சுழற்சி 7/2. அதன் மிக உயர்ந்த ஆற்றல் மாற்றத்தின் கோடு நல்ல மீக்கடத்தி சாம்பிளில் 12.3 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். 12.5 பக்கம் நகர்ந்த சாம்பிள்களில் மீக்கடத்தலுக்குப் பதில் 6 கெல்வின் அளவில் காந்த ஒழுங்கு தலைகாட்டுகிறது. இஷிதா, யோஷிமுரா குழுக்கள் நிம்ஸ் சாம்பிள்களோடு செய்த வேலை இது. அந்த அதிர்வெண் கோபால்ட்டைச் சுற்றிய ஆக்சிஜன் எண்முகி எவ்வளவு நசுங்கியிருக்கிறது, எலக்ட்ரான் எவ்வளவு இருக்கிறது இரண்டையும் சேர்த்து உணர்வதால், சோடியத்தைவிட நம்பகமான கிடை அச்சு அதுவே. காந்தக் கட்டத்தை ஒட்டியே மீக்கடத்தல் இருப்பதுதான் இந்தப் பொருளின் சுவாரசியம், ஆனால் அது வேறு விவாத இழைக்கானது.


உலைமுகம்

நன்றி. டைட்ரேஷனை இந்த வாரமே போடுகிறேன். இரண்டு துணைக் கேள்விகள். பத்து மடங்கு புரோமின் உண்மையிலேயே தேவையா? அந்தக் குப்பி பெரிய தலைவலி. புரோமின் இல்லாத வழி உண்டா? அடுத்தது, ஸ்க்விட்-இல் (காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) ஏற்றும்போதே சாம்பிள் காய்ந்துவிடுமோ என்ற சந்தேகம். ஜெலட்டின் கேப்ஸ்யூலில்தான் வைக்கிறேன்.


படிகவலை

அரை கிராம் தாய்ப்பொருளில் சோடியம் 3.27 மில்லிமோல். முழுவதையும் எடுக்க 1.64 மில்லிமோல் புரோமின் போதும், அதாவது 0.26 கிராம். பத்து மடங்கு என்பது 2.6 கிராம், 0.84 மி.லி. பாதிச் சோடியத்தைத்தானே எடுக்கிறோம், ஏன் இவ்வளவு என்றால், சோடியம் குறையக் குறைய மிச்சத்தை இழுக்கப் புரோமினின் செறிவு ஏற வேண்டியிருக்கிறது. ஒரு மடங்கோடு நிறுத்தினால் 0.4-க்கும் மேலேயே நின்றுவிடலாம். அயோடின் இன்னும் பலவீனம், 0.5-ஐ ஒட்டி நின்றுவிடும். அந்த 0.5 பொருள் நீரில்லாத நிலையில் 53 கெல்வினுக்குக் கீழே மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது, மின்சுமைகள் வரிசைகட்டி உறைந்துவிடுவதால். நமக்கு ஆகாது. நாற்பது, நூறு மடங்குக்குப் போனால் சோடியம் 0.26 வரை இறங்கும். ஆனால் கோபால்ட்டின் எண் அந்த அளவுக்கு ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், நீரில் போட்டதும் ஹைட்ரோனியம் நுழைந்து சமன் செய்துவிடும்.

புரோமின் இல்லாத வழி: சோடியம் பெர்சல்பேட்டை நீரிலேயே போடலாம். பெர்சல்பேட் சிதையும்போது கரைசல் அமிலமாகும். அமிலம் கூடினால் சோடியத்துக்குப் பதில் ஹைட்ரோனியம் ஏறும், கோபால்ட்டும் கரைய ஆரம்பிக்கும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 10.5 அளவில் பிடிக்க வேண்டும். பெர்மாங்கனேட் என்றால் சோடியம் பெர்மாங்கனேட் மட்டும். விலை மலிவு என்று பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் பொட்டாசியம் அடுக்குக்குள் புகுந்து, ஓரடுக்கு நீரோடு 13.9 ஆங்ஸ்ட்ராமில் நின்றுவிடும். பொட்டாசியத்துக்கு நீரைச் சுற்றி வைத்துக்கொள்ளும் பிடிப்பு சோடியத்தைவிடக் குறைவு.

புரோமினோடே தொடர்ந்தால்: ஃப்யூம் ஹூட், டெஃப்லான் உள்மூடி, பக்கத்திலேயே 1 மோலார் தியோசல்பேட் ஒரு பீக்கர். புரோமின் பட்ட கண்ணாடியை அசிட்டோனால் கழுவவே கூடாது, புரோமோஅசிட்டோன் உருவாகும், அது கண்ணீர்ப்புகை.

தாய்ப்பொருளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோபால்ட் ஆக்சைடு (Co₃O₄) 4.816 கிராமுக்குச் சோடியம் கார்பனேட் 2.226 கிராம், ஆவியாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்து 2.45. 750 டிகிரிக்கு முன்பே சூடேறிய உலையில் நேராக நுழைத்து 12 மணி நேரம், அரைத்து மீண்டும் ஆக்சிஜனில் 800–850 டிகிரி. மெதுவாகச் சூடேற்றினால் வினை தொடங்குமுன்பே சோடியம் போய்விடும், 36.8 டிகிரியில் கோபால்ட் ஆக்சைடின் உச்சி எட்டிப் பார்க்கும். அது புரோமினிலும் கரையாது, நீரிலும் போகாது. கடைசிவரை கூடவே வந்து டைட்ரேஷன் எண்ணைக் கீழே இழுக்கும்.


தியோசல்பேட்

ஜெலட்டின் கேப்ஸ்யூல் வேண்டாம். ஜெலட்டினே நீரை உறிஞ்சும். கருவியின் ஏர்லாக்கில் (சாம்பிள் நுழையும் அறை) வெற்றிடம் இழுக்கும்போது மிச்சமும் போகும். 20–30 மி.கி. தூளைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, தூள் உள்ள நுனியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அதன்பிறகே பம்ப் போட்டு, கொஞ்சம் ஹீலியம் விட்டு, மேலே தள்ளிச் சுடரால் மூடுங்கள். ஹீலியம் இல்லாவிட்டால் தூள் தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலைக்கு வர நேரமெடுக்கும். டிசி தவறாக நகரும். புலமில்லாமல் குளிர்வித்து, பிறகு 10 ஓயர்ஸ்டெட் காந்தப்புலம் கொடுத்து, வெப்பநிலை ஏறும்போது அளவிடுங்கள். 43–50 கெல்வினில் சிறு திமில் தெரிந்தால் அது உறைந்த ஆக்சிஜன், குழாயில் காற்று இருக்கிறது.

ஜாடிக்குப் பொட்டாசியம் குளோரைடு சரி, 25 டிகிரியில் 84 விழுக்காடு ஈரப்பதம் தரும். சாதா உப்பும் போதும், 75. பொட்டாசியம் சல்பேட் 97-க்குப் போகும். தூள் நசநசத்து, உங்கள் ஆ-வில் நடந்ததே ஜாடிக்குள் மெதுவாக நடக்கும்.

அளந்து முடித்ததும் குழாயை உடைத்து அதே தூளை உடனே எக்ஸ்ஆர்டி-யில் வையுங்கள். 12.8 டிகிரியில் சிறு மேடு தெரிந்தால், நீங்கள் அளந்த மீக்கடத்தல் பங்கு முழுச் சாம்பிளுக்கும் உரியதல்ல. டிசி-யை அது பெரிதாக அசைக்காது, பங்கைத்தான் குறைக்கும்.